பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்

"நீ தனிய ஓடுறதோ? அதுவும் விடிய முதல்?"

"விடிஞ்சாப் பிறகு ஓடினா சனம் பாக்கும்."

"விடிய முதல் ஓடினா நாய் பாக்கும். எது பரவாயில்லை?"

"பகிடி விடாதேங்கோ. நான் உண்மையாத்தான் கேக்கிறன்."

"நானும் உண்மையாத்தான் சொல்லுறன். நீ ஓடு. நான் மோட்டச்சைக்கிள்ல பின்னால வாறன்."

"நீங்கள் வேலையால வந்து படுக்க வேண்டாமோ?"

"படுக்கலாம். படுக்கை எங்க ஓடப்போகுது? ஓடப்போறது நீதானே."

இரண்டு வருடங்களுக்கு முன்னர் சசிகரன் சொன்ன இந்தக் கடைசி வார்த்தைக்கு நிரோஜினி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண் கலங்கிவிட்டது. மகன் சிந்துஜன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான். நாற்பத்திரண்டு வயதில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் மனைவி, திடீரென்று அரை மரதன் ஓடவேண்டும் என்று சொன்னால் எத்தனை கணவன்மார் சிரிக்காமல் கேட்பார்கள்? துறைமுகத்தில் இழுவைப் படகின் இயந்திர அறையில் இரவு முழுக்க நின்றுவிட்டு வருகிறவன், நித்திரையை விட்டுவிட்டுப் பின்னால் வருகிறேன் என்கிறான். அன்று அலுவலகத்தில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

இப்போது அந்தப் பேச்சு ஞாபகம் வரும்போதெல்லாம், அன்றைக்கே "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று பல்லைக் கடிக்கிறாள்.

பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் முதலாம் கியரில் உறுமிக்கொண்டு வர, அதற்கு முன்னால் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை விளங்கும். அவள் கொஞ்சம் தளர்ந்தால் முன்சில்லு குதிகாலுக்குக் கிட்ட வந்துவிடும். கொஞ்சம் வேகமெடுத்தால் அவன் கியர் மாற்றுவான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, அவள் மூச்சின் ஒழுங்கும் குலைந்துவிடும். காற்று பின்னாலிருந்து வீசும் நாட்களில் புகை முழுவதும் அவளுக்குத்தான். வளைவு வந்தால் ஹோர்ன் அடிப்பான். நாய் தெரிந்தாலும் ஹோர்ன். தெரிந்தவர்கள் வந்தால் அதற்கும் ஒரு ஹோர்ன்.

தண்ணீர்ப் போத்தல் அவனிடம். துவாய் அவனிடம். அவளுடைய கைத்தொலைபேசியும் அவனுடைய சேட்டுப் பையில். எவ்வளவு தூரம் வந்தோம் என்பதுகூட அவனிடம்தான், வண்டியின் மீட்டரில்.

"எவ்வளவு வந்திட்டம்?"

"அதை நான் பாக்கிறன். நீ ஓடு. காலைத் தூக்கி வை."

வீடு திரும்பும்போது, பக்கத்து வளவுக் குலசிங்கம் அண்ணை சாமிக்குப் பூ ஆய்ந்துகொண்டு கேற்றடியில் நிற்பார். லிங்கநகரில் அந்த ஒழுங்கைக்குள் அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

"தம்பி சசி, இண்டைக்கு எவ்வளவு?"

"பன்ரண்டு, அண்ணை."

"கெட்டிக்காரன்."

வியர்வை சொட்டச் சொட்ட நிற்பவள் அவள். கெட்டிக்காரன் அவன். ஒருநாள் இதை அலுவலகத்தில் பஸ்னாவிடம் சொன்னபோது, கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வரும் அந்த மனுசி சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உன்ர மனுசன் எந்த நேரமும் கப்பலுக்குப் பின்னால போற ஆள்தானே. உன்னையும் ஒரு கப்பல் எண்டு நினைச்சிட்டாராக்கும்."

"சிரிக்காதை பஸ்னா. எனக்கு அழுகை வருது."

"அப்ப வராதேங்கோ எண்டு சொல்லு."

"எப்பிடிச் சொல்லுறது? நித்திரை கொள்ளாமல் வாறார். ஊரே அவரைப் புகழுது. நான் வேண்டாம் எண்டா, நன்றியில்லாதவள் எண்டுதான் வரும்."

"நன்றி சொல்லிப்போட்டுச் சொல்லு."

சொல்லலாம்தான். ஆனால் சொல்ல விடாமல் ஒன்று தடுத்தது. அது போன வருட ஓட்டம்.

வருடாவருடம் நகரத்து விளையாட்டுக் கழகம் ஒன்று நடத்தும் அரை மரதன் அது, இருபத்தொரு கிலோமீற்றர். கடற்கரைப் பக்கம் தொடங்கி, நிலாவெளி வீதியால் போய்த் திரும்பி, உட்துறைமுக வீதியில் முடியும். ஓட்டப் பாதைக்குள் வேறு வாகனங்கள் வரக்கூடாது என்று சசிகரனைத் தொடக்கத்திலேயே மறித்துவிட்டார்கள். நிரோஜினி முதல் முறையாகத் தனியே ஓடினாள். நன்றாகத்தான் ஓடினாள். பாதிக்கு மேல் வந்தும் கால்கள் சொன்னபடி கேட்டன. பிறகு, முடிவுக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீற்றர் இருக்கையில், தொடைகள் இரண்டும் கல்லாய் இறுகிவிட்டன. நடந்தாள். நின்றாள். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியாக வரும் வான் அவளுக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே ஏறி இருந்தபோது, பக்கத்திலிருந்த பெடியன் ஒருவன் அவளுக்கு விசுக்கோத்து நீட்டினான். அதை வாங்கித் தின்றதுதான் இன்றுவரை அவளுக்கு ஆறாத அவமானம்.

அன்று வீட்டில் சசிகரன் அவள் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னான்: "நான் பின்னால வந்திருந்தா நீ முடிச்சிருப்பாய்."

அன்பாகத்தான் சொன்னான். ஆனால் ஒரு வருடமாக அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாக நின்றது. உண்மையாக இருக்குமோ? அந்த உறுமல் இல்லாவிட்டால் நான் ஓடமாட்டேனோ? இந்தச் சந்தேகம் தீராமல் "வராதேங்கோ" என்று எந்த முகத்தோடு சொல்வது?

இந்த வருட ஓட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பஸ்னா தன்னுடைய மூத்த சகோதரன் றுவைஸ் நானாவின் கைப்பட்டியைக் கொண்டுவந்தாள். கையில் கட்டினால் ஓடிய தூரத்தைக் காட்டும். றுவைஸ் ஓடுவதை விட்டுக் கனகாலம்; பட்டி அலுமாரிக்குள் கிடந்ததாம்.

"கட்டிப் பார். உனக்கும் தெரியத்தானே வேணும், எவ்வளவு ஓடுறாய் எண்டு."

ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி வீதியில் நீண்ட ஓட்டம். நிரோஜினி பட்டியை நீளக் கைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டியிருந்தாள். ஏன் மறைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, வழக்கமாகத் திரும்பும் கடையடியில் திரும்பி, வீட்டு ஒழுங்கை முகப்புக்கு வந்ததும் சசிகரன் வண்டியை நிறுத்தினான்.

"பதினெட்டு. இது போதும். இதுக்கு மேல ஓடிக் காலைப் பழுதாக்காதை. மிச்சம் மூண்டும் ஓட்டத்தண்டைக்குத் தானா வரும்."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பட்டியைப் பார்த்தாள். பதினைந்து.

பட்டிதான் பழுதாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். இரண்டு வருடம் அவன் சொன்ன கணக்கை விட, அலுமாரிக்குள் கிடந்த ஒரு பட்டியை நம்புவதா? ஆனால் அடுத்த ஞாயிறு அதே வீதியில் ஓடும்போது, கிலோமீற்றர்க் கல் ஒன்றைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"என்ன, நோகுதோ?"

"இல்லை. மீட்டரை ஒருக்காப் பாத்து வையுங்கோ."

"ஏன்?"

"பாத்து வையுங்கோவன்."

ஐந்து கல் தாண்டிய பிறகு மறுபடி நின்றாள். "இப்ப எவ்வளவு கூடிக் காட்டுது?"

சசிகரன் குனிந்து பார்த்தான். நெற்றியைத் துடைத்தான். மறுபடி குனிந்தான்.

"ஆறு."

"அஞ்சு கல்லுத்தானே தாண்டினம்."

"கல்லு பிழை."

"அஞ்சு கல்லுமோ?"

"றோட்டை அகலிச்ச நேரம் எல்லாத்தையும் கிண்டி எடுத்தவங்கள். பேந்து கண்ட கண்ட இடத்தில நட்டிருப்பாங்கள். இந்த வேலை செய்யிறவங்களை எனக்குத் தெரியாதே?"

அவள் சட்டைக் கையை மேலே இழுத்துப் பட்டியைக் காட்டினாள். அதிலும் ஐந்து கிலோமீற்றர்தான் கூடியிருந்தது. அவன் வண்டியைத் திருப்பினான். அன்று வீடு வரைக்கும் ஒரு ஹோர்ன்கூட அடிக்கவில்லை.

பின்னேரம் அவன் வண்டியின் முன்னால் குந்தியிருந்தான். அவள் தேத்தண்ணீரோடு போனபோது தானாகவே சொன்னான். அவள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பழைய மீட்டர் வேலை செய்யாமல் போனபோது, மூதூரில் உடைத்து விற்கப்பட்ட ஒரு வண்டியிலிருந்து மீட்டரை வாங்கித் தன் கையாலேயே பூட்டினான். முள் ஓடியது, எண்ணும் நகர்ந்தது. கப்பலையே தள்ளும் இயந்திரத்தைத் திருத்துகிறவனுக்கு அதற்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை.

"அது வேற மொடல். சில்லு பெரிசு. பெரிய சில்லுக்குச் செய்த மீட்டர் எங்கட சின்னச் சில்லில கூடத்தான் காட்டும். நான் யோசிக்கேல்லை."

நிரோஜினி கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். போன வருடம் பதினைந்து கிலோமீற்றர் தாண்டியதும் தொடைகள் இறுகிய இடம் அவள் மனதில் வந்தது. அவள் உடம்பு அதுவரை பழகியிருந்த தூரமே அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது அறியாத தூரம். பின்னால் வண்டி இல்லாததால் அல்ல. ஒருபோதும் அவ்வளவு தூரம் ஓடவே விடப்படாததால்.

அவன் அதைச் சொல்வான் என்று காத்திருந்தாள். "போன முறை உன்ர பிழை இல்லை, நிரோ." இந்த ஒரு வரி போதும். மற்ற எல்லாவற்றையும் அவள் மன்னித்துவிடுவாள்.

"ஒரு கிழமைக்குள்ள சரியான மீட்டர் எடுத்துப் பூட்டுறன்," என்றான் சசிகரன். "இனிப் பிழைக்காது."

அவ்வளவுதான். குசினிக்குள் போய், கழுவிய சட்டியையே மறுபடி கழுவினாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் விடியற்காலை, பெரிய கப்பல் ஒன்று உள்ளே வருவதற்குத் தாமதமாகிச் சசிகரன் வேலையால் வரவில்லை. தொலைபேசியில் சொன்னான்: "இண்டைக்கு விடு. நான் வந்தாப் பிறகு பாப்பம்."

"ஓம்," என்றாள். சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்றுதான் குனிந்தாள். கழற்றவில்லை. நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

ஒழுங்கை முடிவில் வழக்கமாகக் குரைத்துத் துரத்தும் நாய்கள் நான்கும் படுத்திருந்தன. அவள் வேகத்தைக் குறைத்தாள். பக்கத்தில் போனதும் ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி படுத்துக்கொண்டது. மற்றவை அசையவேயில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகுதான் அவளுக்கு விளங்கியது: இவ்வளவு காலமும் அவை துரத்தியது மோட்டார் சைக்கிளை. நடுவீதியில் தனியே சிரித்துக்கொண்டு ஓடினாள். ஏற்றத்தில் மெதுவாகப் போனாள். யாரும் "காலைத் தூக்கு" என்று சொல்லவில்லை. இறக்கத்தில் பறந்தாள். ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு குப்பைத் தொட்டியடியில் நின்று பார்த்தன. தாகம் வந்தபோது, கடை திறந்துகொண்டிருந்த ஒருவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வீட்டுக்கு வந்தபோது களைப்பே இல்லை. இன்னொரு முறை போகலாம் போல இருந்தது.

குலசிங்கம் அண்ணை பூத்தட்டோடு நின்றார். "என்ன பிள்ளை, தம்பியைக் காணேல்லை?"

"வேலையில நிக்கிறார், அண்ணை."

"ஆ... அப்ப தனியவோ."

அந்த "தனியவோ" அன்று மத்தியானத்துக்குள் சசிகரனின் காதுக்குப் போய்விட்டது. அவன் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினான்.

"நான் விடு எண்டனான். நீ ஓம் எண்டனீ."

"நாயள் ஒண்டும் செய்யேல்லை. பாருங்கோ, அதுகள்..."

"நாய் செய்யாது. வாகனம்? ஏதும் நடந்தா உன்னை ஆர் தூக்கிறது? நான் உனக்காகத்தானே நிரோ இவ்வளவும்."

அந்த "உனக்காக" வந்தால் அதற்கு மேல் அவளால் எதுவும் கதைக்க ஏலாது. இரண்டு வருடமாக எத்தனை சாட்டுச் சொல்லிப் பார்த்திருப்பாள். உங்களுக்கு நித்திரை காணாது என்றாள். பின்னேரம் படுத்து எழும்பப் பழகினான். முதுகு நோகும் என்றாள். இருக்கைக்கு மெத்தை தைத்துப் போட்டான். மழை என்றாள், மழைச்சட்டை வாங்கினான், அவளுக்கும் சேர்த்து. அவள் என்ன காரணம் சொன்னாலும், பழுதாகிய இயந்திரத்தைப் போல அதைத் திருத்திவிட்டு வந்து நின்றான்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருந்த அந்தப் பின்னேரம் அலுவலகத்தால் வந்தபோது வாசலில் இரண்டு சோடிச் செருப்பு. முன்னறையில் சசிகரன் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். உடம்பில் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் மின்னும் ஒரு மேலங்கி. முதுகில் கழகத்தின் பெயர். கதிரையில் குலசிங்கம் அண்ணை.

"வா பிள்ளை, வந்து உன்ர மனுசனைப் பார். மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார்."

"என்னது இது?"

சசிகரன் திரும்பினான். தங்கள் கல்யாண வீட்டில்கூட அவன் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. "கழகத்துக்குப் போய்க் கதைச்சனான். பாதையில உதவிக்கு மோட்டச்சைக்கிள்காரர் நாலு பேர் எடுக்கினம். பேர் குடுத்திட்டன். கடைசிப் பக்கம் வாற பொம்பிளையளுக்குப் பின்னால என்னைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினனான். இந்த முறை ஒருத்தரும் என்னை மறிக்கேலாது."

"வேலை?"

"மாத்திப்போட்டன். கூட வேலை செய்யிறவர் ஒருத்தர் அண்டைக்கு நிக்கிறன் எண்டவர். அதுக்கு ரெண்டு போயா லீவுக்கு அவற்ற முறையை நான் செய்யவேணும். பரவாயில்லை. மீட்டரும் புதுசு பூட்டியாச்சு."

"உன்னைப் போலக் குடுத்துவைச்சவள் ஒருத்தியும் இல்லை, பிள்ளை," என்றார் குலசிங்கம் அண்ணை. "என்ர மனுசி உயிரோட இருக்கேக்க நான் சந்தைக்குக்கூடப் பின்னால போனதில்லை."

நிரோஜினி சிரித்தாள். கன்னம் வலித்தது. அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தார். ஒவ்வொரு மிடறுக்கும் சசிகரனை ஒரு முறை புகழ்ந்தார். அவர் போனதும் கேற்றைச் சாத்திவிட்டு வந்து, வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

உள்ளே அவன் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றடியில் சற்று இறுக்கம். கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று வயிற்றை உள்ளே இழுத்தான். அதைப் பார்க்க அவளுக்கு அவன்மேல் அப்படியொரு இரக்கம் வந்தது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மனம் சொன்னது. அதே மனம்தான் இரண்டு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்குச் சொல்லாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசிவரைக்கும் அந்த உறுமல் அவள் குதிகாலில்தான் வரும். அவள் ஓடி முடித்தாலும் அது அவன் முடித்ததாகிவிடும். முடிக்காவிட்டால்? அதை நினைக்கவே ஏலாது. இனி எந்தக் காலத்திலும் அவள் தன் கால்களை நம்பமாட்டாள்.

"இஞ்சேருங்கோ. ஒருக்கா இப்பிடி இருங்கோ."

"ஏன், வடிவில்லையோ?"

"வடிவுதான். இருங்கோ."

அவன் மேலங்கியோடேயே கதிரையில் இருந்தான். "நிறம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு. தூரத்தில இருந்தே தெரியும், அது நல்லதுதானே. நீ திரும்பிப் பாத்தா உடன..."

"போன வருசம் நான் ஏன் ஓடி முடிக்கேல்லை எண்டு தெரியுமோ?"

சசிகரனின் கை பொத்தானில் நின்றது. "அந்த மீட்டர்..." என்றான். பிறகு தரையைப் பார்த்தான். "அது என்ர பிழைதான், நிரோ. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். வாய் வரேல்லை."

அவள் இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. வந்துவிட்டது. நெஞ்சில் ஏதோ இளகியது. இதோடு விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவன் உடனே தலையை நிமிர்த்தினான்.

"அதுக்குத்தானே இந்த முறை இவ்வளவு ஒழுங்கும். இனி ஒரு பிழையும் வராது. நீ பயப்பிடாதை."

அவள் அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். அவன் முழங்காலில் கையை வைத்தாள். ஒரு காரணமும் சொல்லக்கூடாது என்று தனக்குள் நினைத்துக்கொண்டாள். காரணம் சொன்னால் அதைத் திருத்திவிடுவான்.

"என்ன நிரோ? முகம் ஏன் இப்பிடி?"

"நான் சொல்லி முடிக்குமட்டும் ஒண்டும் கதையாதேங்கோ."

"சரி. சொல்லு."

வெளியே யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் போனது. அந்தச் சத்தம் முழுவதுமாக ஓயும் வரைக்கும் அவள் பொறுத்திருந்தாள்.

"எனக்குத் தனிய ஓடவேணும். ஓட்டத்தண்டைக்கு எனக்குப் பின்னால வராதேங்கோ. நாளையில இருந்து காலமையிலயும் வராதேங்கோ. என்னை விடுங்கோ, நான் ஓடிப்போட்டு வாறன்."